புறத்தார் தரும் நற்சாட்சி

ஒருவரை நல்ல விசுவாசி என்று சொல்ல எங்கள் சபைகளில் சில அளவுகோல்கள் உண்டு. ஞாயிறன்று முதல் மணி அடிக்கும்போதே கோயிலுக்கு வந்துவிடுவார். லெந்து நாட்களில் அசைவத்தைத் தொடமாட்டார். உபவாசக் கூட்டத்தில் கேட்பவர் கண் கலங்கும்படி ஜெபிப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்பார். இவை எல்லாமே நல்லவை. இவற்றின் நடுவே வளர்ந்தவன் நான். இவற்றின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் அதே மனிதரைப் பற்றி அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் என்ன சொல்கிறார்? அவர் வயலில் நாற்று நட்ட பெண்கள் என்ன சொல்கிறார்கள்? அவரிடம் இடம் வாங்கியவர், அவர் மேசைக்கு முன்னால் மனுவோடு நின்றவர், அவர் வீட்டில் குடியிருந்து முன்பணத்தைத் திரும்பக் கேட்டவர்? இவர்களில் பலர் எங்கள் கோயில் வாசலை மிதித்ததே இல்லை. எங்கள் பாட்டும் ஜெபமும் அவர்கள் காதில் விழுவதில்லை. எங்கள் கைமாற்றும் வாக்கும் கணக்கும்தான் அவர்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவம்.

பவுல் இதை நன்றாக அறிந்திருந்தார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், சபையை மேய்ப்பவனுக்கு இருக்கவேண்டிய தகுதிகளை வரிசையாகச் சொல்லி வருகிறார். பண ஆசை கூடாது, குடிவெறி கூடாது, வீட்டை ஒழுங்காக நடத்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக வைக்கும் தகுதி இது: சபைக்குப் புறம்பே இருக்கிறவர்களும் அவனை நல்லவன் என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தை நாங்கள் குருப்பட்ட ஆராதனையில் வாசித்துவிட்டு மறந்துவிடுகிறோம். என் மனதில் பல வருடங்களாக நிற்பது அதுதான்.

அப்படிப்பட்ட சாட்சியைத் தமிழ் மண்ணில் நிறையச் சம்பாதித்த ஒருவர் சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பிறகு திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798இல் தஞ்சையிலேயே கண்மூடினார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் கற்றார். இடையில் ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

1779இல் சென்னைக் கவர்னருக்கு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியோடு பேச ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கும்பெனியார்மீது ஹைதருக்கு நம்பிக்கை இல்லை. அவர் நம்பியது இந்தப் பாதிரியாரை. இவர் தம்மை ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே சொன்னதாக அந்தக் காலத்து வரலாறுகள் சொல்கின்றன. சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரைச் சந்தித்தார். விடைபெறும்போது ஹைதர் வழிச்செலவுக்கென்று கொடுத்த பணத்தை அப்படியே கும்பெனி அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கென்று ஒதுக்கிவிட்டார். தூது பலிக்கவில்லை, மறுவருடமே போர் வந்தது. ஆனாலும் போர் நடந்த அந்த நாட்களில் இவர் போக்குவரத்துக்கு யாரும் தடை செய்யக்கூடாது என்று ஹைதர் தம் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தார். அரசுகளுக்கு நடுவே முறிந்துபோன நம்பிக்கை இந்த ஒரு மனிதர்மீது முறியவில்லை.

அந்தப் போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. தெருவில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் குடியானவர்கள் கோட்டைக்குக் கொண்டுவரவில்லை. முன்பு மாடும் நெல்லும் கொடுத்துக் காசு பெறாமல் ஏமாந்தவர்கள் அவர்கள். அரசர் சொன்ன வாக்கும் எடுபடவில்லை, கும்பெனி சொன்ன வாக்கும் எடுபடவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயர் கடிதம் எழுதினார்: மாட்டுக்கு உரிய காசுக்கு நான் பொறுப்பு, என் கையாலேயே தருவேன் என்றார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. அவர் சொன்னபடியே காசு கொடுத்தார்.

இந்த நிகழ்ச்சியில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அந்தக் குடியானவர்களை. அவர்களில் எத்தனை பேர் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டிருப்பார்கள்? அவருடைய வேதத்தை அவர்கள் ஏற்கவில்லை. அவருடைய வாக்கை ஏற்றார்கள். அந்த வாக்கு ஒரே நாளில் உண்டானதல்ல. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எடுக்கக்கூடாததை எடுக்காமல், சொன்ன நாளில் சொன்ன இடத்தில் நின்று, முப்பது வருடமாகச் சேர்த்தது. பஞ்சம் வந்த அன்று நகரம் முழுவதும் அதில் உண்டது. நேர்மையை நாம் தனி மனிதனின் சொந்தப் புண்ணியமாக நினைக்கிறோம். தஞ்சையில் அது ஊருக்குச் சோறாயிற்று.

தஞ்சை அரசர் துளஜா மகாராஜா மரணத் தறுவாயில் தம் வளர்ப்பு மகன் சரபோஜியை சுவார்ட்ஸ் ஐயரின் கைகளில்தான் ஒப்புவித்தார். சரபோஜி கடைசிவரை தம் முன்னோர் மதத்திலேயே இருந்தார். ஆனால் ஆசிரியர் இறந்தபின் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்து, தஞ்சை சிவகங்கைக் கோட்டைக்குள் உள்ள கிறிஸ்தவக் கோயிலில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவர் அருகில் அரசர் நிற்பதை இன்றும் அங்கே பார்க்கலாம். புறத்தார் தந்த நற்சாட்சி கல்லிலேயே நிற்கிறது.

இதெல்லாம் மகான்களுக்கு என்று நாம் தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ச் சபையில் கணக்குப் பார்த்த ஒரு பெரியவரை நினைத்தால் அப்படித் தப்பிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு ரேஷன் புழுங்கல், பீடி சுற்றிப் பிழைக்கிற இன்னொருத்தியின் குருணை, எல்லாம் ஒரே சாக்கில் கலந்திருக்கும். அதை விற்ற காசும், பைக்காணிக்கையும் ஆராதனை முடிந்தபின் வெஸ்ட்ரி மேசையில் கொட்டப்படும். பெரியவர் ஒருநாளும் தனியாக எண்ணமாட்டார். உடன் எண்ணவேண்டியவர் வரத் தாமதமானால், பையை அவிழ்க்காமல் முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்டதும், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“உங்கமேல யாருக்கு அய்யா சந்தேகம்?” என்று ஒரு வாலிபன் கேட்டான்.

“இதுவரைக்கும் இல்ல தம்பி. இனியும் வரக்கூடாதுன்னுதான்” என்றார்.

பவுலும் இதையே செய்திருக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகள் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்னால் மட்டுமின்றி மனுஷருக்கு முன்னாலும் யோக்கியமாக இருக்கவேண்டும் என்று இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் அதற்குக் காரணமும் சொல்கிறார். “என் மனசாட்சி கர்த்தருக்குத் தெரியும்” என்று சொல்லிக் கணக்கு நோட்டை மூடிவைக்கிற பழக்கம் அப்போஸ்தலருக்கு இல்லை. இன்று திருமண்டலத் தேர்தல்களிலும் சொத்து வழக்குகளிலும் சபையின் பெயர் நீதிமன்றப் படியேறுவதைப் பார்க்கும்போது, அந்த விரித்த கைகளை நினைத்து மனம் வலிக்கிறது.

கிருபையால் இரட்சிக்கப்பட்டோம், கிரியையால் அல்ல என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறோம். அது சத்தியம். அந்தக் கிருபை சகேயுவின் வீட்டுக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்றான். அவனிடம் அது பாட்டாகவோ கண்ணீராகவோ மட்டும் வெளிப்படவில்லை. பெட்டியைத் திறந்து காசை எண்ணிக் கொடுக்கும் செயலாக வெளிப்பட்டது. இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

தேவ சாயல் நம்மில் வளர்கிறதா என்று பார்க்க நீண்ட சோதனை வேண்டாம். பத்திரத்தில் எழுதுகிற தொகையும் கையில் வாங்குகிற தொகையும் ஒன்றா? வேலைக்காரரின் கூலி சனிக்கிழமை சாயங்காலம் அவர் கைக்குப் போயிற்றா? காலமான தகப்பனின் சொத்தில் தங்கைக்கு உரியது தங்கைக்குப் போயிற்றா? வருகிறேன் என்று சொன்ன நாளில் போனோமா? இவற்றில் தவறிவிட்டு எழுப்புதலுக்காக இரவெல்லாம் ஜெபிப்பதில் பயனில்லை. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, வாசிக்கிற அன்பர்களே, யாருக்காவது கொடுக்கவேண்டிய காசு உங்கள் கையில் நின்றுபோயிருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை உங்கள் வரிசைக்கு வருவதற்குள் அதை உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.