கக்கூஸும் ஒரு கைபேசியும்

பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் 'கக்கூஸ்' ஆவணப்படம் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதே படத்தை மயிலாப்பூரில் ஒரு அரங்கு பிடித்து நூறு பேருக்குக் காட்டுவதென்றால் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். கையால் மலம் அள்ளுவோரைப் பற்றி திவ்யபாரதி எடுத்த இந்தப் படத்தின் திரையிடல்களை 2017இல் போலீஸ் தடுத்தது. படம் யூடியூபுக்குப் போனது, ஊரே பார்த்தது. இணையம் ஜெயித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஜூலையில் 2009ஆம் ஆண்டுப் போராட்ட வழக்கொன்றைத் தூசு தட்டி இயக்குநரைக் கைது செய்தார்கள், பிறகு சமூகங்களிடையே பகை வளர்ப்பதாகப் புது வழக்கு. படத்தைப் பிடிக்க முடியாதபோது ஆளைப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

தணிக்கை இல்லாவிட்டால் யாரும் எதையும் கிளப்பிவிடலாமே, ஒரு சாதியின் மனம் புண்படாதா என்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பொய்யென்றால் எது பொய் என்று காட்டலாம், அவதூறுக்கு நீதிமன்றம் இருக்கிறது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து படத்தை முடக்கக் கூடாது என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்துவிட்டது. 'கக்கூஸ்' விஷயத்தில் நடந்ததோ தலைகீழ். மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் இப்போதைய சட்டம் வந்தது 2013இல். அதை மீறியவர்களைத் தேடாத போலீஸ், மீறலைப் படம் எடுத்தவரைத் தேடிப் போனது. படம் இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.