பிறந்த இடம்: நாசரேத்

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் அந்த வரியைப் பார்த்தாள். “நாசரேத்திலா பிறந்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

“எந்த நாசரேத்?”

திருநெல்வேலிச் சீமையில் யாரும் கேட்காத கேள்வி இது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில், ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் கழிந்தால் நாசரேத். செந்தூர் முருகனைப் பார்க்கப் போகிறவர்களும் எங்கள் ஊரைக் கடந்துதான் போயாக வேண்டும். சுற்றிலும் முதலூர், மெஞ்ஞானபுரம், பிரகாசபுரம், கடாட்சபுரம் என்று வேதத்தின் வாசனையடிக்கும் ஊர்கள். பனையும் செம்மண் தேரியும் கருப்பட்டியுமாக வாழ்ந்தவர்கள் புது விசுவாசத்துக்கு வந்தபோது, ஊர்களுக்கும் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் ஜோர்தானிலிருந்து ஆலன்பி பாலம் தாண்டி வந்து, பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? “இந்தியாவில் ஒரு நாசரேத் இருக்கிறது” என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டு அனுமதிச் சீட்டைத் தந்தாள்.

2018 மார்ச், லெந்து நாட்கள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு புறப்பட்டிருந்தேன். வீட்டில் எண்பத்திநாலு வயது அம்மா. “எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு” என்பதுதான் அவள் கேட்டுக்கொண்டது.

உண்மையில் எல்லாவற்றையும் நான் முன்பே பார்த்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் யோர்தான் என்றால் எனக்கு ஆழ்வார்திருநகரிப் பக்கத்துத் தாமிரபரணி. வெள்ளம் வரும் ஐப்பசி மாதத்துத் தாமிரபரணி. கொல்கொதா என்றால் ஊருக்கு வெளியே இருந்த தேரிமேடு. உச்சியில் மூன்று பனை மரங்கள்கூட உண்டு. கலிலேயாக் கடல் மணப்பாட்டுக் கடல். ஆண்டவரின் படகு அங்கே கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் வள்ளம். இத்தனை வருஷம் அந்தப் படங்களோடுதான் வேதம் வாசித்தேன்.

முதலில் உடைந்தது யோர்தான். எரிகோவுக்குக் கிழக்கே கஸ்ர் அல்-யஹூத் என்ற இடம். போகிற வழியில் இரண்டு பக்கமும் முள்வேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். வேலிக்கு நடுவே போய் இறங்கினால், சேற்று நிறத்தில் ஒரு வாய்க்கால். நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள்; அதுதான் எல்லை. அக்கரையில் ஜோர்தான் நாட்டிலும் இதே போலப் படித்துறை, இதே போல வெள்ளையுடுத்திய கூட்டம். அவர்கள் பாடும் பாட்டு நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. இரண்டு கரையிலும் துப்பாக்கியோடு காவல்.

கூட வந்த குரும்பூர்க்கார அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “டீச்சர், இதுவா ரெண்டாப் பிரிஞ்சுது?” என்றாள்.

ஆறு எப்போதும் இப்படி இருந்ததில்லை. கலிலேயா ஏரியிலிருந்து இஸ்ரேல் 1964-இல் குழாயும் கால்வாயுமாகத் தெற்கே நீர் கொண்டுபோகத் தொடங்கியது. பெரிய துணையாறான யார்மூக்கை சிரியாவும் ஜோர்தானும் மறித்துக்கொண்டன. மிச்சமாக வருவதில்தான் உலகமே வந்து முழுக்குப் போடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே கோடையில் தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புரியாத கதை அல்ல. அக்கா பெருமூச்சு விட்டபடி குனிந்து பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். நானும் பிடித்தேன்.

கலிலேயாக் கடலும் கடல் இல்லை. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் அதிகமாகப் போனால் 13. கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழே கிடக்கும் நன்னீர் ஏரி. லூக்கா மூல மொழியில் அதை ஏரி என்றே எழுதுகிறார். அதில் வலை போட்டுப் பிழைத்தவர்களுக்குத்தான் அது கடல். 1986-இல் மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கியபோது, கரைச் சேற்றில் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு படகு கிடைத்தது. கினோசர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எட்டு மீட்டர் நீளம். ஒட்டுப் போட்டு, பழைய படகுகளின் பலகைகளைச் சேர்த்து, பலவகை மரத்தால் பழுது பார்த்த படகு. இதில் பதின்மூன்று பேர் ஏறினால் ஒருவர் தோள் மற்றவர் மேல் இடிக்கும். புயலில் சீஷர்கள் அலறியதை இத்தனை வருஷம் விசுவாசக் குறைவு என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படகைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது.

மதியம் கரையோர ஓட்டலில் ‘பேதுரு மீன்’ என்று தனிப் பெயர் சொல்லி, தனி விலை வைத்து, தலையோடு பொரித்துத் தந்தார்கள். அக்கா மீனைத் திருப்பிப் பார்த்தாள். “நம்ம ஜிலேபி மீனுல்லா இது!” அவள் சொன்னது ஏறக்குறைய சரி. 1952-இல் நம் நாட்டுக் குளங்களுக்கு வந்த ஜிலேபிக்கு இது நெருங்கிய சொந்தம்தான். ஊரில் முள் அதிகம் என்று நாங்கள் வாங்கத் தயங்கும் மீனை இங்கே முள் மட்டும் மிஞ்சத் தின்றோம்.

பெத்லகேமில் ஆலயத்தின் வாசல் நாலடி உயரம். முன்பு பெரிய வாசல் இருந்த அடையாளம் சுவரில் இன்னும் தெரிகிறது. குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்தவர்களைத் தடுக்க வாசலைச் சிறிதாக்கினார்கள் என்கிறார்கள். காரணம் எதுவானாலும், பிஷப்பும் குனிய வேண்டும், டூரிஸ்டும் குனிய வேண்டும். எனக்கு முட்டுவலி, அக்கா என் தலையில் கை வைத்து அழுத்திக் குனிய வைத்தாள். உள்ளே குகையில் பிறந்த இடம் என்று காட்டுவது தரையில் பதித்த பதினாலு முனை வெள்ளி நட்சத்திரம். ஒரு தாம்பாளம் அளவுதான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இந்த ஊரைக் கண்ணால் காணாமலே பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தி வந்து மலைவளம் சொல்லும் பெத்லகேம் அது. நேரில் நின்றபோது எனக்கு அவருடைய பெத்லகேம்தான் பெரிதாகத் தெரிந்தது.

எருசலேமில் என் தேரிமேடு போயிற்று. கொல்கொதா இன்று ஓர் ஆலயத்துக்குள் இருக்கிறது. செங்குத்தான படிக்கட்டில் ஏறிப் போகிற மாடி போல. பலிபீடத்தின் பக்கத்தில் கண்ணாடி வழியே கொஞ்சம் பாறை தெரிகிறது. கீழே இறங்கிச் சில எட்டு நடந்தால் கல்லறை. அறைக்குள் ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் நிற்க முடியாது. அந்த ஒரு கூரையின் கீழ் ஆறு சபைகளுக்குப் பங்கு. யாருக்கு எந்தத் தூண், யார் எந்த நேரம் விளக்கேற்றுவது என்பதெல்லாம் 1852-இல் துருக்கிய சுல்தான் உறுதிசெய்தபடி நடக்கிறது. வாசலுக்கு மேலே ஜன்னல் விளிம்பில் ஒரு சின்ன மர ஏணி. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நிற்கிறது. எடுத்தால் சண்டை வரும் என்று யாரும் எடுப்பதில்லை. கதவின் சாவியோ ஒரு முஸ்லிம் குடும்பத்திடம். திறப்பதும் பூட்டுவதும் இன்னொரு முஸ்லிம் குடும்பம். நூற்றாண்டுகளாக அப்படி. சபை என்றால் சண்டையும் உண்டு என்று அறியாதவள் அல்ல நான். ஆனாலும் அந்த ஏணியைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி புதிதல்ல. நாலாம் நூற்றாண்டில் எகேரியா என்ற பெண் மேற்கின் கோடியிலிருந்து புறப்பட்டு வந்து, பார்த்ததையெல்லாம் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு எழுதினாள். அதே காலத்தில் நிசாவின் கிரகோரியார், இடம் மாறினால் கடவுள் பக்கத்தில் வந்துவிட மாட்டார் என்று எழுதினார். எருசலேமிலிருந்தானாலும் பிரித்தானியாவிலிருந்தானாலும் பரலோகம் ஒரே தூரம்தான் என்று எழுதியவர் ஜெரோம். எழுதியவர் பெத்லகேமில் முப்பது வருஷத்துக்கு மேல் தங்கி அங்கேயே கண்ணை மூடினார். எனக்கு ஜெரோமைப் பிடிக்கிறது. சொன்னதும் சரி, அங்கிருந்து போகாமல் இருந்ததும் சரி.

எல்லாம் சின்னதாகிக்கொண்டே வந்த பயணத்தில் ஒன்றே ஒன்று பெரிதாக இருந்தது. நாசரேத். நான் போனபோது இஸ்ரேலின் அரபு நகரங்களில் அதுவே பெரியது. மலைச்சரிவெல்லாம் வீடு, ஏற்றத்தில் ஹார்ன் அடித்தபடி நகராத கார்கள். இன்று அங்கே முஸ்லிம்களே அதிகம். 1969-இல் பிரதிஷ்டை செய்த மங்கள வார்த்தை ஆலயம் ஊருக்கே குடை பிடித்ததுபோல் நிற்கிறது. மசாலாக் கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஏலக்காய் போட்ட காப்பி வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த ஆலயத்தின் பக்கத்தில் 2009-இல் மண்ணைத் தோண்டியபோது ஒரு வீடு கிடைத்தது. முதல் நூற்றாண்டு வீடு. இரண்டு அறை, ஒரு முற்றம், மழைத்தண்ணீர் சேமிக்க ஒரு தொட்டி. அன்றைய நாசரேத்தே சில டஜன் வீடுகள்தான் என்று கணிக்கிறார்கள். நாத்தான்வேல் இளக்காரமாகக் கேட்டானே, அந்த ஊரிலிருந்து நல்லது ஏதும் வருமா என்று, அது இந்த ஊரைப் பார்த்துத்தான். பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்னையும் அதே கேள்வி கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

பிரசங்க மேடையில் எல்லாம் வளர்ந்துவிடுகிறது. ஆறு அகலமாகிறது, ஏரி கடலாகிறது, மேடு மலையாகிறது. கும்பிடுவதைப் பெரிதாக்கிப் பார்ப்பது நம் சுபாவம். ஆண்டவர் வந்ததோ சின்ன இடத்துக்கு. அதை ஆயிரம் தடவை வாசித்திருந்தும், என் கால் அளந்த பிறகுதான் நம்பினேன். புனித இடங்கள் எனக்குத் தந்தது பிரமிப்பு அல்ல, சரியான அளவு.

நான் திரும்பி வந்த பிறகு அந்த மண்ணில் எத்தனையோ நடந்துவிட்டது. செய்தியில் பெத்லகேம் என்ற பெயர் வரும்போதெல்லாம் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வாள்.

ஊருக்கு வந்த அன்று யோர்தான் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “கலங்கலா இருக்கு” என்று அலமாரியில் வைத்தாள். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

“நாசரேத் எப்படியிருக்கு?”

“நம்ம ஊரவிட ரொம்பப் பெருசும்மா.”

அவள் முகம் வாடியதுபோல் இருந்தது. “ஆண்டவர் இருந்தப்பமுமா?”

“அப்பம் நம்ம தெரு அளவுதான் இருந்துதாம்.”

அம்மா வாசல் வழியே தெருவைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

“அப்பம் சரி” என்றாள்.