பொதுக் கணினியில் அவரவர் பங்கு

முதுகுளத்தூரில் எங்கள் மஹல்லாப் பிள்ளைகள் படிப்பதற்கென ஓர் அறையில் ஆறு கணினிகளும், எல்லாருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் வைக்க லினக்ஸில் இயங்கும் ஒரு சர்வரும் உள்ளன. பராமரிப்பு எங்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாற்பது பேருக்குக் கணக்கு உண்டு. ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி.

ஒரு ஷஅபான் மாதத்தில், கல்லூரி மாணவி ஒருவர் உதவித்தொகைக்கான சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அதில் சேமித்துச் சென்றார். மறுநாள் விண்ணப்பத்தின் கடைசி நாள். வந்து திறந்தால் கோப்புகளின் பெயர்கள் இருந்தன, அளவு பூஜ்யம். டிஸ்கில் இடமில்லை என்ற எச்சரிக்கையை அவர் கவனிக்கவில்லை. கவனிக்க நாங்கள் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அசல் சான்றிதழ்களோடு இராமநாதபுரம் சென்றிருந்த அவருடைய அத்தா பேருந்து பிடித்துத் திரும்பும்போது அஸர் தாண்டிவிட்டது. மஃரிபுக்குச் சற்று முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

படம் பார்க்கும் பையன்கள் நிரப்பியிருப்பார்கள் என்றே முடிவு கட்டினோம். அன்றிரவே கோட்டா வைக்க அமர்ந்தோம். இது பழைய ஏற்பாடு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் உருவாக்கிய முறை 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு எல்லைகள். மென் எல்லையைக் கடந்தால் எச்சரிக்கையும் அவகாசமும் உண்டு. வழக்கமாக ஏழு நாள். அதற்குள் குறைக்காவிட்டால் அதற்குமேல் எழுத முடியாது. வன் எல்லையையோ ஒரு கணமும் தாண்ட இயலாது. கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. மென் எல்லை 8 ஜிபி, வன் எல்லை 10 ஜிபி என வைத்தோம். நாற்பது பேரும் முழுதாக நிரப்பினாலும் 400 தான்.

முதல் முயற்சியில் பிழை செய்தோம். எண்ணைக் கிலோபைட்டில் தர வேண்டும். 10 ஜிபி என்றால் 1,04,85,760. நாங்கள் 10240 என்று எழுதிவிட, ஆளுக்குப் பத்து எம்பி மட்டுமே கிடைத்தது! சோதித்துப் பார்த்ததால் தப்பினோம்.

பிறகு யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தோம். பையன்களில் எவரும் ஆறு ஜிபியைத் தாண்டவில்லை. முதல் வரியில் இருந்தது ரூட் கணக்கு. 300 ஜிபிக்கும் மேல். அதாவது நாங்கள். பயான் பதிவுகள், எங்கள் வீட்டு நிக்காஹ் வீடியோக்கள், ஒரே கோப்பின் மூன்று நான்கு பிரதிகள். ரூட்டைக் கோட்டா கட்டுப்படுத்தாது. போதாக்குறைக்கு, இந்த வகை டிஸ்க் அமைப்பு 5 சதவீத இடத்தை இயல்பாகவே ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கும். அந்தப் பிள்ளையின் சான்றிதழ் பூஜ்யமான மாலையில் எங்கள் வேலை மட்டும் தடையின்றி நடந்ததன் காரணம் அதுதான்.

மூவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எங்களுக்கும் சாதாரணக் கணக்குகள் திறந்து, அதே எட்டும் பத்தும் வைத்தோம். வீடியோக்களைச் சொந்தப் பணத்தில் வாங்கிய தனி டிஸ்கிற்கு மாற்றினோம். பையன்களைச் சந்தேகித்ததை அவர்களிடமே சொன்னோம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவருடைய அத்தா தேநீர் கொடுத்துவிட்டு, இனி ரூட் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று மட்டும் கேட்டார். அதை இப்போது உறையிலிட்டு ஜமாஅத் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம்.

ரமலானின் இரண்டாம் வாரத்தில் எங்களில் ஒருவர் ஒன்பது ஜிபியைத் தொட்டு, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டார். எட்டாம் நாள் அவர் ஒரு பயான் பதிவைச் சேமிக்க முயன்றார். சர்வர் மறுத்துவிட்டது.