குயில் தோப்பு

இரண்டு நாள் புதுவைப் பயணம். குழந்தைகளுக்குக் கடற்கரை, மனைவிக்கு மணக்குள விநாயகர். என் தாயாருக்கோ கருவடிக்குப்பம் ஒன்றே போதும். குயில் பாட்டை முழுதும் மனப்பாடமாகச் சொல்லும் என் தகப்பனார், அந்தத் தோப்பைப் பார்க்காமலே போய்விட்டார் அல்லவா?

ஆங்கில ஆட்சியின் பிடிக்குத் தப்பி 1908-ல் வந்த பாரதி, 1918 வரை பிரெஞ்சுப் புதுவையில் இருந்தார். ஊர்ச் சந்தடி சலித்தால் இந்த மாந்தோப்புக்கு வந்துவிடுவாராம். பாட்டு பிறந்தது இங்கேதான் என்பார்கள். இப்போது சித்தானந்த சுவாமி கோயிலைச் சுற்றி வீடுகள் நெருக்கியடிக்கின்றன.

"குயிலைக் காணோமே, பாட்டி!" என்றான் பையன்.

"சும்மா இருடா" என்று அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு இத்தனை வரிகள் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆட்டோவுக்குக் காத்திருப்புக் கூலி ஐம்பது ரூபாய். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.