அக்கா வீட்டில் 30 நாள்

திருச்சி விமான நிலையத்தில் எடை பார்க்கும் மெஷின் 31.4 என்று காட்டியது. எங்களுக்கு அனுமதி 30 கிலோ. அம்மா தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, தன்னுடைய இரண்டு புடவைகளை எடுத்து என் தோள்பையில் திணித்தார். தட்டுவடைப் பொட்டலங்களைத் தொடவில்லை. ''அதை எடுத்தா நான் எதுக்கும்மா அங்க போறேன்?'' என்றார்.

தட்டுவடை செட் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: இரண்டு சின்ன தட்டுவடைக்கு நடுவே காரச்சட்னி, பச்சை சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். வாயில் போட்டால் ஒரே கடி. செவ்வாய்ப்பேட்டையில் சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். சட்னியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதனால் வெறும் தட்டுவடை மட்டும் நாலு கிலோ, சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்காக.

எங்கள் வீடு லீ பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே அப்பாவின் கொலுசுப் பட்டறை, மேலே நாங்கள். காலையில் வெல்ல மண்டியிலிருந்து ஒரு வாசனை வரும், மத்தியானம் மிளகாய் மூட்டை இறக்கினால் தெருவே தும்மும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எந்த ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து அக்கா, மாமா, அவர்கள் மகள் பாப்பு மூவரும் 2024 ஜனவரியில் சிங்கப்பூர் போனார்கள். மாமாவுக்கு அங்கே ஐ.டி. வேலை கிடைத்திருந்தது. அதற்கு முன் அவர் பெங்களூரில் இருந்தார். சனி, ஞாயிறு மட்டும் சேலம் வருவார். ''இனிமேலாவது மூணு பேரும் ஒரே வீட்டுல இருப்பாங்க'' என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

நானும் அம்மாவும் போனது 2025 ஜூலைக் கடைசியில். ஆடி மாசம். செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் திருவிழாவை அம்மா விட்டதே இல்லை. ''இந்த வருஷம் மட்டும்'' என்று கோயிலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

சேலம் மாவட்டத்திலிருந்து மலாயாவுக்கும் இலங்கைக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். எங்களுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். அம்மா சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா வீடு புக்கிட் பாஞ்சாங் என்ற இடத்தில், அரசு கட்டிய அடுக்குமாடியில் 11-வது மாடி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதை அங்கே சுருக்கமாக 'வீவக' என்கிறார்கள். அந்த நாட்டு மக்களில் பெரும்பாலானோர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். சுதந்திரம் அடைந்த 60-வது ஆண்டு என்பதால் மாடிகள் நெடுக கொடி தொங்கியது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீள மூங்கில் கழிகளில் துணி காய்ந்தது. ''நம்ம ஊர் மாதிரிதான் இருக்கு'' என்று அம்மாவுக்கு முதல் நாளே நிம்மதி.

மறுநாள் அந்தப் பகுதிக்குள்ளேயே சுற்றிவரும் குட்டி ரயிலில் போனோம். குடியிருப்புகளை ஒட்டி ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி திடீரென்று பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. ''என்னடி, வண்டி ரிப்பேரா?'' என்று அம்மா பதறினார். ரயிலில் போகிறவர்களுக்கு வீடுகளின் உள்பக்கம் தெரியக் கூடாது என்பதற்காகத் தானாகவே அப்படி மங்கும் கண்ணாடி என்று அக்கா விளக்கினாள். அம்மா கொஞ்சம் யோசித்தார். ''நம்ம சந்துல இதை மாட்டினா பாதிப் பேருக்குப் பொழுதே போகாது.''

அக்கா சிரித்தாள். நாங்கள் வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வீடு குறையில்லாமல் நடந்தது. எட்டு மணிக்கு மாமா கிளம்புவார், பாப்பு மழலையர் பள்ளிக்குப் போவாள். மத்தியானம் அக்கா போய் அவளை அழைத்து வருவாள். மாமா வர இரவு ஏழரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை டவுன்டவுன் பாதையில் ரயில் ஏறினால், மாறாமலே லிட்டில் இந்தியா. கறிவேப்பிலை, முருங்கைக்காய், பூ எல்லாம் கிடைக்கும். ரயிலில் தமிழில் அறிவிப்பு வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றி இருந்தவர்களைப் பெருமையோடு பார்த்தார். கடையில் எதை எடுத்தாலும் டாலரை ரூபாயாகப் பெருக்கி, திரும்ப வைத்துவிடுவார். ''பெருக்காதீங்கம்மா, பெருக்கினா இங்க சாப்பிடவே முடியாது'' என்று அக்கா அதட்டுவாள். வாடகை எவ்வளவு என்று அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை.

அதே ரயில் பாதையில் சைனாடவுன் பக்கம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827-ல் தொடங்கியது. ஆடியில் அங்கே தீமிதி கிடையாது, தீபாவளிக்கு முன்னால்தான் என்று கேட்டதும் அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. ''ஆத்தாளுக்கு இந்த ஊர்ல மாசம் மாறிப்போச்சா?'' என்றார். ஆனாலும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு அங்கே சிநேகிதி கிடைத்தது பக்கத்து வீட்டில். எழுபது வயது தாண்டிய சீனப் பாட்டி. வாசலில் பார்த்தால் ''மாக்கான்?'' என்பார். மலாயில் சாப்பாடு. 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறார் என அம்மா தானாகவே புரிந்துகொண்டு, ''ஆச்சு, ஆச்சு, நீங்க?'' என்று தமிழிலேயே பதில் சொல்வார். மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் ஜவ்வரிசிப் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தார். பாட்டி ஸ்பூனால் கிளறிப் பார்த்துவிட்டு, ''சேகோ!'' என்றார். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஜவ்வரிசி ஆலையை நாங்கள் 'சேகோ ஃபேக்டரி' என்றுதான் சொல்லுவோம். எங்களுடையது மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அந்தப் பக்கத்து நாடுகளில் சேகோ என்று ஒரு பனை வகை மரமே இருக்கிறது, பெயர் வந்தது அதிலிருந்துதான். இதையெல்லாம் நான் போனில் தேடிச் சொல்வதற்குள் இரண்டு பேரும் கிண்ணம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை வருஷமாக அக்காவும் அந்தப் பாட்டியும் தலையசைப்பதோடு சரி. சேலத்தில் இருந்த அக்கா அப்படிப்பட்டவள் இல்லை.

அக்கா பி.காம். சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தாள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பலருக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டு மாடிப்படியில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். மளிகை மொத்த வியாபாரி, வெல்ல மண்டிக்காரர், கொலுசு வாங்கி விற்பவர் என்று பில் கட்டுகளோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பட்டறைக் கணக்கும் அவளிடம்தான் இருந்தது. எடை போட்டுக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று மில்லிகிராம் பிசகாமல் எழுதுவாள். ஒவ்வொரு மாதமும் 20-ம் தேதி, அதாவது ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாளில், அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

சிங்கப்பூரில் அவளுக்கு வேலை இல்லை. தேடவில்லை என்பதல்ல. மாமாவுக்கு இருப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ். மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் என்றால் மனைவி, பிள்ளைகளை டிபென்டன்ட்ஸ் பாஸில் அழைத்துக்கொள்ளலாம். அந்த பாஸில் இருப்பவர்கள் முன்பெல்லாம் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கி வேலைக்குப் போய்விடலாம். 2021 மே முதல் அது இல்லை. சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர, மற்றவர்கள் தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 ஜனவரி முதல் சம்பளம் குறைந்தது 5,600 டாலர் இருக்க வேண்டும். வயது கூடக் கூட அந்த அளவும் கூடும். இந்தியக் கணக்கு முறை மட்டும் தெரிந்தவளுக்கு அங்கே யார் அவ்வளவு கொடுப்பார்கள்? ஒரு நாடு தன் மக்களுக்கு முதலில் வேலை பார்க்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிளம்பும்போது அக்காவிடம், ''நீ அங்க போய் என்ன பண்ணுவே?'' என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான்.

''முதல் ஆறு மாசம் கடைக்காரங்க போன் பண்ணுவாங்க. சந்தேகம் கேப்பாங்க. அப்புறம் நின்னுபோச்சு'' என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். ''வேற நல்ல ஆளு கிடைச்சிருப்பாங்க.''

சூப்பர் மார்க்கெட் பில்லை அவள் கசக்கிப் போடுவதில்லை. கூட்டிப் பார்க்கிறாள். ''இங்கயும் ஜிஎஸ்டிதான். எல்லாத்துக்கும் ஒரே 9 பெர்சென்ட், எவ்வளவு சுலபம் பாரு'' என்று என்னிடம் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பரிசைக் காட்டுவது மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 20. நாங்கள் ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்தது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. சேலத்தில் எட்டரை என்றால் அங்கே பதினொன்று. பாப்பு தூங்கிவிட்டாள். அக்கா சாப்பாட்டு மேஜையில் போனும் பழைய கால்குலேட்டருமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா பட்டறை நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். தாக்கல் செய்வது இப்போது சித்தப்பா மகன்தான். ஆனால் அக்கா பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அப்பாவுக்குத் தூக்கம் வரும். மாதாமாதம் இது நடக்கிறது என்பது எனக்கும் அம்மாவுக்கும் அன்றுதான் தெரிந்தது. ''உங்கம்மாகிட்ட சொன்னா, புள்ளையைத் தூங்க விடாம பண்றேன்னு என்னைத்தான் திட்டுவா'' என்று அப்பா போனில் குழைந்தார்.

''அப்பா, மூணாம் பக்கத்துல 12 கிராம் இடிக்குது. திருப்பி எடை போட்டீங்களா?''

பத்து நிமிஷம் போனது. அப்பா தேடிக் கண்டுபிடித்தார். ஒரு ஜோடிக் கொலுசு இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாள். செவ்வாய்ப்பேட்டை மாடியில் நான் பார்த்துப் பழகிய அதே முகம்.

அம்மா சோபாவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, ''ஊருக்கு வந்துடுறியா கண்ணு?'' என்றார்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே பாப்பு தூங்கும் அறைக் கதவைப் பார்த்தாள். ''வந்தா இவ மறுபடியும் அவங்கப்பாவை எப்பவாவதுதாம்மா பார்க்கணும். இப்ப தினமும் ராத்திரி அவர் மேல ஏறிப் படுத்துக்கிட்டுதான் தூங்குறா.''

''சரி, நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து இருந்துடறோம்.''

அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. பெற்றோரை நீண்ட நாள் தங்க வைக்க வேண்டுமென்றால் மாமாவின் சம்பளம் மாதம் 12,000 டாலராவது இருக்க வேண்டும். அக்கா அதைச் சொல்லவில்லை. ''பட்டறையை யாரும்மா பார்ப்பா?'' என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் மூவரும் பேசவில்லை. ஒரு பாக்கெட் தட்டுவடை மிச்சம் இருந்தது. அக்கா எழுந்து போய் மிக்ஸியைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் மிக்ஸி போட்டால் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும். சட்னி இல்லாமல் வெறும் தட்டுவடையைக் கடித்தோம்.

சேலம் வந்து சேர்ந்த மறுநாள் எதிர்வீட்டு அத்தை வழக்கம்போல, ''உங்க பெரிய பொண்ணுக்கு என்னக்கா குறைச்சல், சிங்கப்பூர்ல இருக்கா'' என்றார். இதற்கு அம்மா எப்போதும் பூரித்துப் போவார். இந்த முறை, ''நல்லா இருக்கா. செய்யறதுக்குத்தான் வேலை இல்ல'' என்றார். அத்தைக்கு அது புரியவில்லை.

செப்டம்பர் 20 இரவு நான் மாடியிலிருந்து இறங்கிவந்தபோது பட்டறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா நோட்டை விரித்துப் பிடித்திருக்க, அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து அக்கா குரல் வந்தது: ''அம்மா, நாலாம் பக்கத்துல உங்க கை நிழல் விழுது. தள்ளி நின்னு எடுங்க.''