ஐந்து மாதத்துப் பால்குடிகள்

எங்கள் வீட்டுச் சீனிக்கு இரண்டு குட்டிகள். ஒன்று ஆண், ஒன்று பெண். பிறந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. ஆண் குட்டி இப்போது உம்மாவை விட நீளம். காலையில் மீன்காரரின் ஹோன் சத்தம் கேட்டால் மதிலால் பாய்ந்து கேற்றடியில் போய் நிற்பவர், பகல் சாப்பாடு முடிந்ததும் உம்மாவைப் புரட்டிப்போட்டுப் பால் குடிக்கிறார். தங்கச்சி மற்றப் பக்கத்தில். இரண்டு பெரிய பூனைகளுக்குக் கீழே சீனி பழைய பாய் மாதிரிக் கிடப்பாள்.

அந்தப் படத்தை இங்கே போட்டபோது சிரித்தவர்கள் நிறையப் பேர். நாங்களும் சிரித்தோம். இப்போது சீனியின் வயிற்றில் திரும்பவும் குட்டி.

பால் கொடுக்கிற பூனை கருத்தரிக்காது என்று எங்கள் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். கருத்தரிக்கும். மிருக வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு ஆறு கிழமை இருக்கும் என்றார். பூனை ஏறக்குறைய ஒன்பது கிழமை சுமக்கும். மிச்சம் மூன்று கிழமை. அதற்குள் இந்த இருவரையும் பால் மறக்கடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுக் குட்டிகளுக்கு வருகிற கடும்புப்பாலை இவர்கள் குடித்து முடித்துவிடுவார்கள். நோயை எதிர்க்கிற சக்தி அந்தப் பாலில்தான் வருகிறது. பிறந்த குட்டியின் குடல் அதை உறிஞ்சி எடுப்பது முதல் ஒரு நாளுக்குள்தான். பிறகு எவ்வளவு குடித்தாலும் அந்தப் பலன் இல்லை. உள்ளங்கை அளவு குட்டி இந்தத் தடியர்களோடு முட்டி மோதிக் குடிப்பதை நினைத்துப் பாருங்கள். சீனிக்கும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. வயிற்றில் இருப்பதற்கும் அவளே கொடுக்க வேண்டும், வெளியில் இருப்பதற்கும் அவளே கொடுக்க வேண்டும்.

சாதாரணமாக இது மனிதர் தலையிடுகிற விசயம் இல்லை. நாலு கிழமையில் குட்டி உம்மாவின் கோப்பையில் வாய் வைக்கத் தொடங்கும். எட்டு, பத்துக் கிழமையில் பால் இல்லாமலே வாழும். உம்மாவே எழும்பிப் போவாள், சீறுவாள், நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுவாள். சில உம்மாமார் அதைச் செய்வதில்லை. குட்டி குறைவாக இருந்து, வீட்டில் சாப்பாடும் பாதுகாப்பும் இருந்தால் இழுபட்டுப் போகும். சீனி அந்த வகை. இப்போதுதான் சீறத் தொடங்கியிருக்கிறாள். அவள் சீறியதைப் பார்த்து எங்கள் சின்ன மகள் அழுதாள். "சீனி கெட்ட உம்மா" என்றாள்.

"பசிக்குத்தானே குடிக்கிது, இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்றார் பக்கத்து வீட்டு ராத்தா. அப்படி இல்லை. நாங்கள் கவனித்துப் பார்த்தோம். ஒரு கோப்பை சூடை மீனும் சோறும் வழித்து நக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நேரே உம்மாவிடம்தான் போகிறார்கள். முன்கால்களால் பிசைந்துகொண்டே குடிப்பார்கள், உறுமுவார்கள், ஐந்து நிமிடத்தில் வாயை எடுக்காமலே தூங்குவார்கள். அது வயிற்றுப் பசி இல்லை, ஆறுதல். ஆறுதலுக்காகக் குடிக்கிறவனுக்குக் கோப்பையை நிரப்பி வைத்து என்ன பயன்? அதோடு, உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். தானாக வற்றட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வற்றாது.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. வேப்பிலையை அரைத்துப் பூசு என்றார்கள். கற்றாழை பூசு என்றார்கள். மனிதக் குழந்தைக்குச் செய்வதுதான், தெரியும். ஆனால் பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்குகிற சாதி. பூசுவது எல்லாம் முதலில் போவது சீனியின் வயிற்றுக்கு, அதுவும் குட்டி சுமக்கிற வயிற்றுக்கு. கற்றாழை பூனைக்கு நஞ்சு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இன்னொருவர் சுருக்கமாக, "சாக்கில போட்டு மீன் மார்க்கெட்டில உட்டுட்டு வாங்க" என்றார். அந்தச் சாக்குகள் கடைசியில் எங்கே வந்து சேருகின்றன என்று பாடசாலை கேற் திறக்கிற எங்களுக்குத் தெரியும்.

மிஞ்சியது ஒரே வழி. கதவு.

சாமான் அறையை ஒதுக்கி, மண் தட்டு, தண்ணீர், ஒரு பழைய சாரம் வைத்து, குட்டிகள் இருவரையும் உள்ளே விட்டோம். முதல் இரண்டு நாள் மூன்று மணித்தியாலம் மட்டும். பிறகு நாங்கள் பாடசாலைக்குப் போகிற ஏழரையில் இருந்து ஒன்றரை வரை. அதற்குப் பிறகு இரவும். ஒரேயடியாகப் பிரித்தால் பால் கட்டிக்கொள்ளும் என்பதால் இந்தப் படிப்படி. வெளியே விட முன்னர் வயிறு நிறையச் சாப்பாடு, பிறகு நூலில் கட்டிய கடதாசியோடு களைக்கக் களைக்க ஓட்டம். அதற்கு மேலும் பால் தேடினால் சீனி ஏறிக்கொள்ள அலுமாரி மேல் இடம் வைத்தோம். மூன்றாம் நாள் ஆண் குட்டியும் அலுமாரி மேல். அதை விட்டுவிட்டோம்.

சாப்பாடு நாலு நேரம், கொஞ்சம் கொஞ்சமாக. மீனை உப்பு, வெங்காயம் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, சோறு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து. வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே கறி மீன் வேண்டாம். பசும்பாலும் வேண்டாம். இந்த வயதில் பலதுக்குச் செமிக்காது, வயிற்றோட்டம் வரும். பால் வற்றுவதற்கு உம்மாவின் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார்கள். சீனி சுமப்பதால் அவளுக்குக் குறைக்கவில்லை, கூட்டித்தான் கொடுத்தோம். ஒவ்வொரு நாளும் மடியைத் தொட்டுப் பார்த்தோம். சூடாக, சிவந்து, கல் மாதிரி இருந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இறுகியிருக்கிறது என்று பிதுக்கி எடுக்கவும் கூடாது. பிதுக்கினால் திரும்பச் சுரக்கும்.

முதல் இரவுதான் இரவு. பத்து மணிக்குத் தொடங்கிய கத்தல் தஹஜ்ஜத் நேரம் வரைக்கும் ஓயவில்லை. உள்ளே இரண்டு பேரும் கதவைப் பிறாண்ட, வெளியே சீனி கதவடியில் இருந்து ஒரு சின்னக் குரல் கொடுக்க, உள்ளே திரும்பத் தொடங்கும். பகலில் சீறிய அதே சீனிதான்.

எங்கள் உம்மாவால் தாங்க முடியவில்லை. "பாவம் புள்ள, துறந்து உடுங்க. குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும்" என்று இரண்டு தரம் எழும்பி வந்தார். மூன்றாம் தரம் வந்தவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் தம்பியைப் பால் மறக்கடித்த கதையைச் சொன்னார். நாங்கள் கேட்டிராத கதை.

தம்பிக்கு இரண்டு வயது தாண்டியும் விடவில்லையாம். அடுத்தது வயிற்றில். மூத்தம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். நாலு வளவு தள்ளித்தான் வீடு. இரவில் தம்பி அழுகிற சத்தம் கேட்குமாம். உம்மாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல். கிணற்றடியில் இருந்து அழுதிருக்கிறார். போய்த் தூக்கி வருவோம் என்று எழும்பினால் வாப்பா கேற்றடியில் நிற்பாராம். "ஆறாம் நாள் கொண்டு வந்து தந்தாங்க. என்னைக் கண்டுட்டு ஓடி வருவான் எண்டு நிண்டன். வாப்பாட்ட போய்ட்டான்" என்றார். அந்த ஆறாம் நாளைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது.

குர்ஆன் பால்குடி மறத்தலைப் பற்றிச் சொல்லுமிடத்தில் தாயும் தகப்பனும் மனமொத்து, கலந்தாலோசித்துச் செய்வதைச் சொல்கிறது. அந்த வீட்டில் உம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. சீனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காலையில் பார்த்தால் சாமான் அறைச் சாவி அவருடைய முந்தானை முடிச்சில் இருந்தது. அதற்குப் பிறகு திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். எங்களை விடக் கண்டிப்பு.

முதலாம் ஆண்டு எடுத்தவர்களுக்கு இது புதிது இல்லை. முதல் கிழமையில் பிள்ளை அழுது ஓய்கிற நேரம் பார்த்து யன்னலால் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். திரும்ப முதலில் இருந்து. அந்த உம்மாமாரைக் கேற்றுக்கு வெளியே அனுப்புவது எப்படி என்று கலாசாலையில் படித்தோம். வெளியே போனவர் றோட்டில் நின்று என்ன செய்கிறார் என்பது பாடத்தில் இல்லை.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். நாலு இரவாகக் கத்தல் இல்லை. சீனியின் மடி இளகிவிட்டது. பெண் குட்டி நேற்று ஒரு ஓணானைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தாள், உம்மாவிடம் போகவே இல்லை. சின்ன மகள் இப்போது சீனியைக் கெட்டது என்பதில்லை, "சீனிக்குக் களைப்பு" என்கிறாள். ஆண் குட்டி மட்டும் அந்தப் பழைய சாரத்தின் ஒரு மூலையைச் சப்பிச் சப்பித் தூங்குகிறார். மூலை நூல் நூலாகிவிட்டது. நூலை விழுங்கினால் குடலில் சிக்கும் என்பதால் அந்த மூலையை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறோம்.

சீனிக்கு இன்னும் பத்து நாள் அளவில் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பெட்டி தயார். அவள் ஈன்ற பிறகும் இரண்டு மூன்று கிழமைக்கு இந்த இருவருக்கும் அந்த அறைக்கு அனுமதி இல்லை. பாலின் மணம் வந்தால் பழைய ஞாபகம் வந்துவிடும்.

பெண் குட்டிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை வருகிற சனிக்கிழமை. ஐந்து மாதத்தில் அவளே உம்மாவாகலாம், பொறுக்க நேரமில்லை. ஆண் குட்டிக்கு அடுத்த கிழமை. சீனிக்குப் புதுக் குட்டிகள் பால் மறந்து, மடி வற்றிய பிறகு. கூடுமா கூடாதா என்று கீழே எழுத இருப்பவர்கள் உங்கள் ஊர் உலமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் எங்கள் ஊரில் கேட்டுவிட்டோம்.

ஆண் குட்டியை வளர்க்க விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதலாம். சாரமும் சேர்த்துத்தான் தருவோம்.