இரண்டு பட்டயங்கள்



கடந்த ஞாயிறு ஆராதனையில் லூக்கா 22-ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, தங்களிடம் இரண்டு பட்டயங்கள் இருப்பதாகச் சீஷர்கள் ஆண்டவரிடம் சொல்லும் இடத்தில் நான் சற்றுத் தடுமாறினேன். மூத்த சகோதரி ஒருவர் அதைக் கவனித்துக் காரணம் கேட்டார். அன்று என்னால் சொல்ல இயலவில்லை. என் மனைவியின் சம்மதத்தோடு இன்று எழுதுகிறேன்.

என் மாமனார் ஆனைமலையின் தேயிலைத் தோட்டங்களில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் அவரது வீடு. உரிமத்தோடு அவரிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன: 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, பழைய .32 வெப்ளி ரிவால்வர் ஒன்று, பிற்காலத்தில் வாங்கிய .32 பிஸ்டல் ஒன்று. தொழிலாளரின் சம்பளப் பணத்தை வங்கியிலிருந்து மலைப்பாதை வழியே ஜீப்பில் கொண்டுவந்த நாட்களில் அந்த ரிவால்வர் அவர் இடுப்பில் இருந்ததாம். ஒரு முறையும் அதைச் சுட நேரவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம்; இனி இரண்டுதான். மிகுதியானதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதே ஆண்டில்தான் என் மாமியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடுத்துப் பெருந்தொற்று வந்தது. 2020 அக்டோபரில் மாமனார் தொலைபேசியில் அழைத்தார். “மாப்பிள்ளை, இரண்டைத்தான் வைத்துக்கொள்ளலாமாம். எதை விடுவது என்று பார்க்க ஒரு நாள் வாருங்கள்.”

நான் மகிழ்ச்சியோடு சென்றேன் என்பதை மறைக்க மாட்டேன். அவருடைய மகன் வெளிநாட்டில் குடியேறிவிட்டதால், உரிமத்தை எனக்கு மாற்றித் தரும் எண்ணம் அவருக்கு இருந்தது. எழுபது வயது கடந்த உரிமதாரர் தம் வாரிசு ஒருவருக்கு உரிமம் கோர விதி இடம் தருகிறது. உரிமம் பெறுபவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை எங்கே பெறலாம் என்று நான் முன்னரே விசாரித்து வைத்திருந்தேன். ஒரு போதகருக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. நோபிலே ஆசாரியனாகிய அகிமெலேக்கு கோலியாத்தின் பட்டயத்தைத் துணியில் சுற்றி ஏபோத்துக்குப் பின்னால் வைத்திருந்தானே! இறையியல் படித்தவனுக்குத் தன் ஆசைக்கேற்ற வசனத்தைத் தேடுவது எளிது.

உணவு மேசையின்மேல் பழைய போர்வையை விரித்து மூன்றையும் வைத்தார். இரட்டைக்குழலை விட்டுவிடுவோம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். எனக்கு அது வியப்பாயிருந்தது. தோப்பில் காட்டுப்பன்றிகளின் தொல்லை மிகுதி; வெடியோசை எழுப்பி அவற்றைத் துரத்த அவர் எடுத்தது அந்த நீளமான துப்பாக்கியைத்தான். வங்கிப் பணத்தைச் சுமக்கும் வேலை முடிந்து ஆண்டுகள் பல. பயன்படுவதை விட்டு, பயன்படாத இரண்டு கைத்துப்பாக்கிகளை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

பிஸ்டலைக் கையில் எடுத்தேன். அதன் எடை எனக்குப் பிடித்திருந்தது. மேகசின் தனியே மேசையில் கிடந்ததால் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். “மேகசினை எடுத்துவிட்டால் காலி என்று நினைக்காதீர்கள்” என்று சொல்லி மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். ஒரு தோட்டா தெறித்துப் போர்வையில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டிலிருக்கும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது, தோட்டா வேறு அலமாரியில், சாவி வேறிடத்தில் என்று முப்பது ஆண்டுகள் எனக்கு உபதேசித்தவர் அவர்.

“திருடருக்காகவா, மாமா?” என்றேன். பதில் இல்லை.

அந்த நேரத்தில் நான் ஜெபித்தேன் என்று எழுத விரும்புகிறேன்; உண்மையில் நான் நினைத்தது சவுலை. கில்போவா மலையில், பெலிஸ்தருக்கு எதிராக ஏந்திய பட்டயத்தையே நட்டு அதன்மேல் விழுந்தான் அந்த ராஜா. அதைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! இப்படிப்பட்டதைக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் தவறானது. கேட்டேன். “உங்கள் உயிரை நீங்களே எடுத்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?”

நெடுநேரம் கழித்து, “சில இரவுகளில்” என்றார். பிறகு அழுதார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்த மனைவியைப் பறிகொடுத்தவரை, ஞாயிறுதோறும் தொலைபேசியில் சுகமா என்று மட்டும் விசாரித்த மருமகன் நான். விசுவாசமுள்ளவர், தாங்கிக்கொள்வார் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

எதை வைப்பது, எதை விற்பது என்ற பேச்சு அத்துடன் நின்றது. அன்று மாலையே உரிமப் புத்தகத்தோடு அவரையும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் காரில் சென்றேன். மூன்று துப்பாக்கிகளும் தோட்டாக்களும் ஓர் ஆயுத வணிகரின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டன. ரசீதை மடித்து அவர் தம் வேதாகமத்தில் வைத்துக்கொண்டார். அன்றிரவு முதல் எங்கள் வீட்டில் தங்கினார். அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தோம். மருந்தும் சிகிச்சையும் ஏழெட்டு மாதங்கள் தொடர்ந்தன. ஜெபமும் செய்தோம், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நாங்கள் கருதவில்லை.

அவர் தேறிய பிறகு மீண்டும் கேட்டார்: “பிஸ்டலையும் இரட்டைக்குழலையும் விற்றுவிடலாம். ரிவால்வர் உங்களுக்கு. பயிற்சிக்குப் போகிறீர்களா?” இவ்வளவும் நடந்தபின் நான் உடனே மறுத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. மூன்று வாரங்கள் பதில் சொல்லாமல் இருந்தேன். நான் கவனமுள்ளவன், பயிற்சி பெறுவேன், பூட்டி வைப்பேன் என்றெல்லாம் எனக்குள் வாதாடினேன். கடைசியில் என் மனைவிதான் கேட்டாள்: “அப்பாவுக்கு வந்த இரவு உங்களுக்கு வராது என்று யார் சொன்னது?”

அவளுக்குத் தெரியும். 2016-இல் சபையில் பிளவு நேர்ந்த மாதங்களில் நான் உறங்காமல் மொட்டைமாடியில் நடந்த இரவுகளை அவள் கண்டிருக்கிறாள். உங்களில் பலருக்கு அது தெரியாது.

லூக்கா 22-இல் இரண்டு பட்டயங்களைக் குறித்து ஆண்டவர் போதும் என்றதன் பொருளில் வேத அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். இரண்டு போதுமானவை என்றாரா, இந்தப் பேச்சு போதும் என்றாரா? செமினரியில் நான் முதல் பொருளுக்காக வாதாடியவன். சில மணி நேரத்தில் ஒரு வேலைக்காரனின் காது அறுபட்டதையும், ஆண்டவர் அதைத் தொட்டுக் குணமாக்கியதையும் சேர்த்து வாசிக்கும்போது இன்று இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். உங்களில் யாராவது மாற்றிச் சொன்னால் கேட்பேன்.

உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இரவு வந்தால் என்னை எந்நேரமும் அழையுங்கள். என்னிடம் பேசக் கூச்சமாயிருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆயுத உரிமம் உள்ள வீடுகள் நம் சபையில் மிகச் சிலவே. ஆனால் பூச்சிமருந்து வைத்திருக்கும் வீடுகள் பல. அதை இன்றே வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள்.

மூன்றும் அந்த வணிகர் மூலமே விற்கப்பட்டன. கிடைத்த பணத்தோடு மேலும் சிறிது சேர்த்து மாமனார் தோப்பைச் சுற்றிச் சூரிய மின்வேலி போட்டார். 2023-இல் உறக்கத்திலேயே கர்த்தரிடம் சென்றார். வேதாகமத்தில் அந்த ரசீது இன்னும் இருக்கிறது. பன்றிகள் இப்போது பக்கத்துத் தோப்புக்குப் போகின்றனவாம். அந்த வீட்டுக்காரர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.